நான்காம் எண் பாட்டில்

நேற்று மாலை உன் அண்ணன் மகன் ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து என் மேசைமேல் வைத்தான். ஒன்று, வரும் மாதம் உன் முதலாண்டு நினைவு நாளுக்காக அச்சகத்தில் அடித்துக் கொடுத்த அட்டையின் மாதிரித் தாள். மற்றொன்று, உன் பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய சேலைக்குள் சுற்றி வைத்திருந்த கண்ணாடி பாட்டில்.

"தூக்கிப் போட்ருவோம்னுதான் இருந்தேன் அத்தை. உள்ள வெறும் சேறு. ஆனா லேபிள்ல இருக்கது உங்க எழுத்து மாதிரி இருந்துச்சு. அதான் எதுக்கும் கேட்டுக்கிடுவோம்னு" என்றான். உன்னை அத்தை என்று அழைத்தவன் என்னையும் அப்படியே அழைக்கிறான்.

என் எழுத்துதான். கான்வென்டில் பிரம்பால் முட்டியில் தட்டித் தட்டிச் சிஸ்டர்கள் பழக்கிய சாய்வெழுத்து. மை பழுப்பேறியிருந்தாலும் படிக்க முடிந்தது. "4. அடி." மூடியைச் சுற்றி நீ மெழுகை உருக்கி ஊற்றியிருந்தாய். அதனால்தான் தண்ணீர் அப்படியே இருந்திருக்கிறது. மேலே கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு. அடியில் ஒரு நெல்மணி உயரத்துக்குச் செம்மண்.

ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இத்தனை காலம் அதை வைத்திருந்தாய் என்று நீ என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

பன்னிரண்டு வயதில் உன்னை முதலில் பார்த்தபோது எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த நான் மணியடிக்கக் கால் மணி நேரம் முன்பே வரிசையில் நிற்பேன். நீ ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் வந்து, ரிப்பன் அவிழ்ந்து, கடைசி மணியோடு ஓடி வருவாய். வீட்டில் தெலுங்கு, பேருந்தில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாய். கணக்கில் மட்டும் என்னை முந்தினாய். அதையும் நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் பள்ளி முடிவதற்குள் தோழிகளாகிவிட்டோம்.

நீ பொறியியல் படிக்கப் போனாய். உன் தெருவிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. நான் மதுரையில் இரசாயனம் படித்தேன். மத்திய அரசில் ஆறுகளை அளக்கும் பணியில் உனக்கு வேலை கிடைத்து, கோதாவரிக் கரையில் ஓர் ஊருக்கு அனுப்பியபோது, அங்கே ஆய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளர் இடம் காலியாக இருப்பதை எனக்கு எழுதியது நீதான். இரண்டு பெண்கள் சேர்ந்து இருக்கிறார்கள் என்றால் இரண்டு வீட்டிலும் விடுவார்கள் என்று கணக்குப் போட்டாய். அந்தக் கணக்கும் சரியாகவே வந்தது.

அந்த ஊருக்கு மேலே சபரி ஆறு வந்து கோதாவரியில் சேர்கிறது. சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஆற்றின் குறுக்கே ஏழு இடங்களில் நீ தண்ணீர் எடுக்க வேண்டும். இடக்கரையோரம் ஒன்றாம் எண், வலக்கரையோரம் ஏழாம் எண். இரும்புச் சட்டத்துக்குள் மாட்டிய பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, வேண்டிய ஆழத்தில் இன்னொரு கயிற்றைச் சுண்டினால் மூடி திறக்கும். நீ கொண்டுவரும் தண்ணீரை நான் வடிகட்டி, தாளில் தங்கிய மண்ணை அடுப்பில் உலர்த்தி, தராசில் எடை பார்த்து, லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஓர் ஆறு ஆண்டுக்கு எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகிறது என்று தெரியாமல் அதன் குறுக்கே எதையும் கட்ட முடியாது. கட்டினால் தூர்ந்துவிடும். அதற்காகத்தான் அந்த வேலை.

அங்கிருந்த அதிகாரிக்கு நீ படகில் போவது பிடிக்கவில்லை. பெண்ணுக்கு அலுவலகத்தில் வரைபடம் வரையும் அறைதான் சரி என்று எல்லோர் முன்னிலும் சொன்னார். ஏதாவது ஒரு தவறு நடக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அந்தத் தவறை அவருக்கு நானே எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஆடியில் நீ கொண்டுவந்த எட்டு பாட்டில்கள் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றில் ஏறக்குறைய மண்ணே இல்லை. ஐந்து, ஆறு, ஏழு செங்காவி நிறம். நடுவில் நான்காம் இடத்தில் இரண்டு பாட்டில் எடுத்திருந்தாய். மேலே எடுத்தது தெளிவு. அடியில் எடுத்தது சேறு. ஒரே ஆறு, ஒரே காலை நேரம், ஒரே படகு. எடையோ பத்து மடங்குக்கு மேல் வேறுபட்டது.

எங்கள் இரசாயன சிஸ்டர் சொல்லித் தந்தது என் எலும்பில் இருந்தது: "மூன்று முறை செய்தால் மூன்றும் ஒத்து வர வேண்டும். வராவிட்டால் தவறு உன் கையில்." ஒத்து வராததெல்லாம் கை சுத்தமில்லாதவர்களின் வேலை என்று நினைக்கப் பழகியிருந்தேன். நீ கரையோரச் சேற்றில் பாட்டிலை இடித்திருப்பாய், அல்லது எண்களை மாற்றி ஒட்டியிருப்பாய் என்று முடிவு செய்தேன். ரிப்பன் அவிழ்ந்த பெண்தானே. உன்னிடம் ஒரு சொல் கேட்காமல், சிவப்பு மைப் பேனாவை எடுத்து, எடைகளை எழுதியிருந்த தாளின் குறுக்கே நம்பத்தகாதது என்று ஆங்கிலத்தில் எழுதி அதிகாரியின் மேசைக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவர் உன்னைக் கூப்பிட்டு, மாத முடிவோடு படகு வேலை போதும், படம் வரையும் அறைக்குப் போகலாம் என்றார். ஆதாரமாக என் சிவப்பு எழுத்தைக் காட்டினார்.

அன்று மாலை நாம் தங்கியிருந்த அறைக்கு வந்து நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, நான் கரைச் சேத்த அள்ளிட்டு வந்தேன்னு நீயே எழுதினியா?"

"எண்கள் ஒத்து வரலை. ஒத்து வராததை ஒத்து வந்ததுன்னு எழுத எனக்குத் தெரியாது."

"ஆத்தப் பாத்தியா நீ?"

"ஆத்தப் பாக்கறது என் வேலை இல்லை. எடை பாக்கறதுதான் என் வேலை."

"நல்லா இருக்குட்டி உன் வேலை" என்றாய். அதற்குமேல் நான்கு நாள் நாம் பேசவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் சேர்த்தே சோறு பொங்கினாய். பருப்புத் துவையலை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாய்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, சுவரைப் பார்த்தே சொன்னாய்: "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரெடியா இரு. பாட்டில், லேபிள், கயிறு எல்லாம் உன் கையால எடுத்துக்கோ. நான் எதையும் தொட மாட்டேன். சேலைய முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகணும், இப்பவே சொல்லிட்டேன். அங்க வந்து கான்வென்ட் பேசாத."

எனக்கு நீச்சல் தெரியாது. கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் கைக்கடிகாரமுமாக அந்தப் படகில் உட்கார்ந்தேன். எதையும் இரண்டாக எடுத்து, ஒன்றைச் சோதித்து மற்றொன்றைச் சேமித்து வைக்க வேண்டும் என்ற விதிப்படி இரண்டு மடங்கு பாட்டில்கள் கொண்டுபோனேன். படகோட்டி உன்னோடு தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தார். இடையிடையே சிரித்தார். என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"நான் பேசுற தெலுங்கு அவரு பாட்டனுக்கும் பாட்டன் பேசினதாம். எந்தப் பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தீயன்னு கேக்காரு. நம்ம ஊர்ப் பொட்டின்னு சொன்னேன்."

பிறகு படகு நடு ஆற்றுக்கு வந்தது. நான் எழுந்து நிற்கப் பார்த்து, உன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆற்றின் நடுவே ஒரு கோடு ஓடியது. தையல் வகுப்பில் சிஸ்டர் ஏற்கும் நேர்க்கோடு இல்லை அது. தையல் தெரியாதவள் போட்ட கோடு, உள்ளே வெளியே என்று போய் வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் காட்டுக்குள்ளிருந்து வந்த சபரியின் கருந்தெளிவு. அந்தப் பக்கம், மேற்கே பெய்த மழையில் நிறம் மாறிய கோதாவரியின் செம்மை. கோட்டின்மேல் நுரையும் சருகும் குச்சிகளும் வரிசையாகச் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. ஓரிடத்தில் செந்நீர் ஒரு நாக்கைப் போல இந்தப் பக்கம் நீண்டு, சுருண்டு, சுழன்று, அறுந்து, தெளிந்த நீருக்குள் ஒரு வட்டமாகக் கரைந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு சுழல். அதற்கப்பால் இன்னொன்று.

"கலக்கறது இங்கதான் ஆரம்பிக்கு" என்றாய். "முடியறதுக்கு இன்னும் எம்புட்டோ தூரம் போகணும். ஆறு அகலம் ஜாஸ்தி, ஆழம் கம்மி. நேராப் போற வரைக்கும் ரெண்டும் அது அது பாட்டுக்குப் பக்கத்துல பக்கத்துலயே போகும். பெரிய வளைவு ஒண்ணு வந்தா சீக்கிரம் கலந்துரும். நம்ம அளக்கற எடம் அதுக்கு முன்னாடியே இருக்கு. அது என் தப்பா?"

 நான்காம் இடம் கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், தெளிந்த நீரில் இருந்தது. மேலாக ஒரு பாட்டில் எடுத்தேன். தெளிவு. இப்போது அடிக்கு இறக்கு என்றாய். இறக்கினேன். தெளிந்த நீருக்குள் இறங்கிய சட்டம் கண்ணிலிருந்து மறைந்தது. கயிற்றை என் கையாலேயே சுண்டினேன். மேலே இழுத்தபோது பாட்டில் நிறையச் செந்நீர்.

"சேத்துத் தண்ணி கனம். அது நல்ல தண்ணிக்கு அடியில பூந்து போயிருது. மேல நின்னு பாத்தா யாரு கண்ணும் நம்பாது. நீயும் நம்பல."

படகின் பலகைமேல் வைத்து, லேபிளில் எழுதினேன். 4. அடி. இப்போது என் மேசைமேல் நிற்பது அன்று எடுத்த இரண்டில் ஒன்று.

திங்கட்கிழமை எடைகளெல்லாம் உன் எடைகளைப் போலவே வந்தன. நான் பழைய தாளைக் கேட்டு வாங்கி, சிவப்பு எழுத்தை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதிகாரியின் முன் நின்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே அறையில் இருப்பவர்கள், ஒருத்தி மற்றவளுக்காக எழுதத்தான் செய்வாள் என்றார்.

என் நேர்மையைப் பற்றி அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் இன்னும் சுத்தமாக வரும். உனக்குத் தெரியும். நான் சொன்னதன் பொருள் இதுதான்: ஐயா, தண்ணீர் எடுக்க நீங்களே உங்கள் ஆளை அனுப்புங்கள். பாட்டில்களில் எண் வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிந்த குறி போதும். நான் எடை பார்த்து, எந்தப் பாட்டில் எந்தக் கரையைச் சேர்ந்தது என்று வரிசைப்படுத்தி வைக்கிறேன். வரிசை தவறினால் அவள் படம் வரையப் போகட்டும், நான் ஊருக்குப் போகிறேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். ஆற்றில் கோடு எந்த நேரம் எந்தப் பக்கம் நகரும் என்று எனக்கென்ன தெரியும்? அன்றே சபரியிலும் வெள்ளம் வந்திருந்தால் எல்லாப் பாட்டில்களும் ஒரே நிறமாகியிருக்கும். உன்னிடம் சொன்னபோது நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய்.

"ஏன்ட்டி, என் வேலைய வச்சு நீ சவால் விடுவியா?"

"என் வேலையையும் சேர்த்துத்தான் வச்சேன்."

"அது சரி. ரெண்டு பேரும் சேந்தே பஸ் ஏறுவோம். உங்க அம்மாவுக்கு நீ பதில் சொல்லு" என்று சிரித்தாய். ஒரு வாரத்துக்குப் பின் முதல் சிரிப்பு.

அதிகாரி தலைமை எழுத்தரை அனுப்பினார். பாவம் அவர், படகின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே போய் வந்தாராம். எட்டு பாட்டில்கள், நட்சத்திரம், முக்கோணம், மீன் என்று குறிகள். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் வடிகட்டினேன், உலர்த்தினேன், எடை பார்த்தேன். பிறகு அதிகாரியின் மேசைமேல் அவற்றை இடமிருந்து வலமாக அடுக்கி, மேல், அடி என்று சீட்டு வைத்தேன். அவர் இழுப்பறையிலிருந்து தம் தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றாம் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் மட்டும் மாற்றி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மாதிரித் தெளிவு என்பதால் அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஒரு பிழை இன்றும் என்னை உறுத்துகிறது. மற்றவை அனைத்தும் சரி.

அவர் தாளை மடித்தார். "அந்தப் பெண் படகிலேயே தொடரட்டும்" என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அறைக்கு வந்து சொன்னேன். நீ அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாய். "சரி, தண்ணி கொதிக்கி. காப்பித்தூள் டப்பாவ எங்க வச்ச?" என்றாய். டம்ளரைக் கையில் தந்துவிட்டுத்தான் சொன்னாய்: "நீ எம்மேல சந்தேகப்பட்டதுக்கு எனக்கு வருத்தமில்லட்டி. பாக்காமச் சந்தேகப்பட்ட. அதுக்குத்தான்."

மூன்றாண்டுகளில் எனக்குத் திருமணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பினேன். நீ திரும்பவில்லை. ஓய்வு பெறும்வரை ஆறு ஆறாக மாறிக்கொண்டே இருந்தாய். இரண்டு பேராறுகள் சேரும் இடங்களிலெல்லாம் உன்னை அனுப்பினார்கள். குறுக்கே ஓரிடத்தில் எடுத்தால் போதாது, பல இடங்களில் பல ஆழங்களில் எடுக்க வேண்டும் என்று நீ எழுதிய குறிப்பை அந்த அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள் என்று உன் கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அதை நான் என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவிய பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள்.

அவிய காலமான பிறகு நீ ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தாய். வியாழக்கிழமைதோறும் யாராவது ஒருத்தி பேருந்து ஏறுவோம். ஓர் ஐப்பசியில் சேத்தூர்ப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போய்த் திரும்பும்போது, மழை விட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுத் தண்ணீரும் செம்மண் தண்ணீரும் ஒரே பாலத்தடியில் சேர்ந்து ஓடின. நீ பட்டுச் சேலையோடு குனிந்து நின்றுவிட்டாய். நானும் பக்கத்தில் குனிந்தேன். இரண்டு பேருந்துகள் போய்விட்டன. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"என்ன ஆச்சி, எதையும் தொலைச்சிட்டியளா?"

"இல்லப்பா. ரெண்டு தண்ணியும் கலக்குதான்னு பாக்கோம்" என்றாய்.

"கலக்காம எங்க போகும்?"

"அதாம்ப்பா, எங்கன்னுதான் பாக்கோம்."

அவரும் இறங்கி வந்து செத்த நேரம் பார்த்தார். "ஆமா, அந்தா கோடு தெரியுது" என்றார். உன் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் உன் ஓய்வு விழாப் படத்தில்கூடப் பார்க்கவில்லை.

நேற்று அந்த அட்டையின் மாதிரித் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். உன் படம், உன் பெயர், அதன் கீழே: அரசு அலுவலகப் பணியாளர், ஓய்வு. நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். சிவப்புப் பேனா இல்லாமல் நான் எங்கும் போவதில்லை என்று நீ கேலி செய்வாய். அந்த வரியை ஒரே கோட்டால் அடித்தேன்.

"அத்தை, அதுல என்ன தப்பு? அரசாங்க ஆபீஸ்தான?" என்றான்.

"அவ ஆபீஸ்ல இருந்த நாளை விரல் விட்டு எண்ணலாம். அவ இருந்தது ஆத்துக்குள்ள."

"ஆத்துக்குள்ளயா? ஆபீஸ்ல ஃபைல் பாத்தாங்கன்னுதான் வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க."

"யாராவது போய்ப் பாத்தியளா?"

 நான் உன் பாட்டிலை எடுத்து அவன் கண் முன்னால் ஒரு முறை குலுக்கினேன். ஒரே கணத்தில் எல்லாம் சிவந்தது. ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். மணல் உடனே இறங்கியது. அது இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெளிந்த நீருக்கு அடியில் கயிற்றை இறக்கியது முதல் மீன் குறி போட்ட பாட்டில் வரை எல்லாவற்றையும் சொன்னேன். என் சிவப்பு எழுத்தையும் மறைக்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்தவன் மறுபடியும் உட்கார்ந்தான்.

"சரி, என்ன போடச் சொல்லட்டும் அத்தை?"

"பொறியாளர்னு போடு. பேராறுகள் கலக்கும் இடங்களை அளந்தவர்னு போடு."

"அப்படி ஒரு வேலை இருக்கான்னு கேப்பாங்க."

"கேட்டா எங்கிட்ட அனுப்பு."

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனான். பாட்டிலை என்னிடமே விட்டுச் சென்றான். இன்று காலை இதை எழுதும்போதும், மேல் பாதியில் மெல்லிய செம்மை இன்னும் இறங்காமல் நிற்கிறது. இறங்கட்டும், அவசரமில்லை.

உன் வேலையின்மேல் நான் சிவப்பு மையால் எழுதியது இது இரண்டாவது முறை. முதல் முறை எழுதியபோது நான் அந்தப் படகில் ஏறியிருக்கவில்லை.